வெளிய எப்படி வரும்?

முதலாளி மகள் கல்யாணம் பாண்டிச்சேரியில் நடந்தது. கம்பெனியிலிருந்து எல்லோரும் ஒரு வேனில் போய் இறங்கினோம். அந்த மண்டபத்தில் சாப்பாடு நான்காவது மாடியில். லிஃப்ட் கதவு திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு ஏறினோம். எங்களோடு வேலை பார்த்த அக்கா மட்டும் ஏறவில்லை. கதவு மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரரிடம் கேட்டார்.

"அண்ணே, இது நடுவுல நின்னுட்டா வெளிய எப்படி வர்றது?"

"அதெல்லாம் நிக்காதும்மா."

"நிக்காது, சரி. நின்னுட்டா?"

"பெல்லு இருக்குது. அடிச்சா வருவாங்க."

"யாரு வருவாங்க?"

"நான்தாம்மா வரணும்."

"நீங்கதான் உள்ள உக்காந்துருக்கீங்களே!"

லிஃப்டுக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அந்த மனுஷரும் சிரித்தார். அக்காவும் சிரித்தார், ஆனால் ஏறவில்லை. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி, நாங்கள் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படி நல்லா அகலமா இருக்குது" என்றார். ஏதோ படியைச் சோதித்துப் பார்க்கத்தான் அனுப்பினார்கள் என்பதுபோல.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பேக்கிங்கைப் பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். குள்ளம். தலைமுடிக்குள் எப்போதும் ஒரு வைக்கோல் துரும்பு இருக்கும். சூளையிலிருந்து வந்த கட்டைகளை வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவது அவர்கள் வேலை. மற்ற கம்பெனிகளில் பெட்டி கொள்ளும் மட்டும் திணிப்பார்கள். அக்கா ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சணல் துண்டை வால்போல வெளியே விட்டு அடுக்கச் சொல்வார். "கடைக்காரன் எடுக்கறப்ப எத புடிச்சி எடுப்பான்? உள்ள வச்சது நாம. வெளிய எடுக்கறவன நெனச்சுப் பாக்க வேணாமா?"

எதிலும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். மாசி மகத்துக்குக் கோயிலைச் சுற்றிக் கடை போட்டிருப்பார்கள். நாங்கள் கூட்டமாகப் போய் வளையல் அடுக்குவோம். அக்கா கையை நீட்டமாட்டார். "மொதல்ல ஒண்ணு போட்டுக் கழட்டிக் காட்டு" என்பார் வளையல்காரரிடம். கம்பெனியில் பெண்கள் கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டபோது, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரித் தாழ்ப்பாள் வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றார். "வெளியிலேருந்து திறக்கலாம்னா அப்புறம் தாழ்ப்பாள் எதுக்கும்மா?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ள ஒருத்தி மயங்கி வுழுந்தா?" என்றார் அக்கா. நான் இருந்தவரை அங்கே யாரும் மயங்கி விழவில்லை. ஆனாலும் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற தாழ்ப்பாள் ஒன்றைக் கடலூரிலிருந்து வரவழைத்துப் போட்டார்கள்.

சாமான்களோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மனுஷர்களிடமும் கேட்பார். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் தனக்கு நிச்சயம் ஆகிவிட்டதென்று சொல்லி எல்லோருக்கும் சாக்லெட் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை பவுன், எந்த மண்டபம் என்று ஆளுக்கொன்று கேட்டோம். அக்கா சாக்லெட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "சண்டை வந்துச்சுன்னா எங்க போவ?" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா ஏன்க்கா இப்படி?" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக் கொடுத்தார், ஆனால் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வளைகாப்பு, நிச்சயம் என்றால் அக்காவிடம் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருந்தார்கள்.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு அறையில் தனியாக இருந்தார். கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு உண்டு. ஒரு தடவை நானே தைரியமாகக் கேட்டுவிட்டேன். "மங்களூருல கட்டிக்குடுத்தாங்க. வந்துட்டேன்" என்றார். அவர் சொன்னது நம்ம திட்டக்குடி பக்கத்து மங்களூர். "வந்துட்டேன்" என்பதைப் பஸ்ஸைவிட்டு இறங்கியவர் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னதால் எனக்கு மேலே கேட்க வரவில்லை.

நான் அவரோடு ஒட்டிக்கொண்டது என் தம்பி குமாரால்.

குமார் எனக்கு மூன்று வயது இளையவன். பிறந்தபோதே மூளையில் ஏதோ அடி. இடது கைக்கு வலு கிடையாது, பேச்சு குறைவு. அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து இறந்துபோனார். அம்மாவும் நானும் அவனும்தான். சித்தப்பா மகன் ஒருவன் கேமரா வாங்கிய புதிதில் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்று, வருகிற போகிற ரயிலை எல்லாம் எடுத்து சிடியாகப் போட்டுக் கொடுத்திருந்தான். குமாருக்கு அதுதான் உலகம். அதில் வருகிற அறிவிப்பை அச்சு அசலாகச் சொல்வான். சோறு வேண்டுமென்றாலும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் ஆரம்பிப்பான். அம்மா தட்டை எடுத்து வைத்துவிடுவாள்.

எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது தட்டு நீளுகிற டிரைவ். பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வரும், சிடியை வைத்துத் தள்ளினால் உள்ளே போகும். இரண்டு தடவை அந்தத் தட்டு முறிந்துவிட்டது. "சிடி எதுக்கு, படத்தக் கம்ப்யூட்டர்லயே ஏத்திடலாம்" என்று ரிப்பேர்காரர் சொல்லி, ஏற்றியும் கொடுத்தார். குமார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கையால் அவனே சிடியைப் போட வேண்டும். போட்டால்தான் ரயில் வரும். மற்றபடி யார் போட்டாலும் அது அவனுக்குப் படம் இல்லை.

மூன்றாவதாக வாங்க வேண்டியபோது, துணைக்கு அக்காவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் கடைப் பையன் இரண்டு விதம் எடுத்து வைத்தான். இரண்டும் ஒயரில் வெளியே மாட்டிக்கொள்கிற சின்னப் பெட்டிகள். ஒன்று தட்டு வைத்தது. இன்னொன்றுக்குத் தட்டே கிடையாது, முன்னால் ஒரு கோடு மாதிரி வாய். அவன் ஒரு சிடியை அந்த வாயில் வைத்தான். விரலிலிருந்து அதுவே பிடுங்கிக்கொண்டதுபோல உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. முறிவதற்குத் தட்டே இல்லையே.

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா முழுங்குது. வெளிய எப்படி வரும்?"

"பட்டன் இருக்குதுக்கா. அமுக்கினா துப்பிடும்."

"பட்டன் வேலை செய்யலன்னா?"

"கம்ப்யூட்டர்லேருந்து எடுக்கலாம்."

"அதுவும் முடியலன்னா? உள்ளயே மாட்டிக்கிச்சுன்னா?"

பையன் காதைச் சொறிந்தான். "அப்ப பெட்டியத்தான் பிரிக்கணும். ஆனா இதப் பாருங்க" என்று தட்டு வைத்ததைத் திருப்பிக் காட்டினான். முன்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் குத்தினான். கரண்டு இல்லாமலேயே தட்டு கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மீதியைக் கையால் இழுத்தான். அக்கா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அவனிடமிருந்து கிளிப்பை வாங்கித் தானும் ஒரு தடவை குத்திப் பார்த்தார்.

"இதான். கண்ண மூடிக்கிட்டு இத வாங்கு."

"ஒடைச்சுடுவான்க்கா."

"ஏன் ஒடைக்கிறான்?"

எனக்குத் தெரியவில்லை. முரட்டுத்தனம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா எதையும் வாங்க விடவில்லை. "மொதல்ல அவனப் பாக்கறேன்" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கடைப் பையனிடம் பேசி, தட்டு வைத்த பெட்டியைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்திருந்தார். குமாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, பேசாமல், அவன் ரயிலைப் போடுவதையும் எடுப்பதையும் பார்த்தார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது. அவன் தட்டின் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா அதன் அடியில் தன் உள்ளங்கையை ஏந்திக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரு. அவன் முரட்டுத்தனமா ஒண்ணும் செய்யல. சோத்தாங்கையால சிடியப் புடிச்சிருக்கான். எடது கைக்கு வலு இல்லல்ல, அத எங்கனா வைக்கணும். நீட்டிக்கிட்டு இருக்கற தட்டுமேல வச்சிக்கிறான். பாவம், எம்மாம் பாரம் பாரு" என்று ஏந்தியிருந்த தன் கையைக் காட்டினார். உள்ளங்கை சிவந்திருந்தது.

இத்தனை வருஷம் கூட இருந்து நானும் அம்மாவும் பார்க்காததை அவர் ஒரு மத்தியானத்தில் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

"அவனுக்கு அந்தக் கோடுதான் சரி" என்றார். அப்படிச் சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை என்று தெரிந்தது. சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஆனா உள்ள மாட்டிக்கிச்சுன்னா அவன் தாங்கமாட்டான். அதுக்கு நாம ஒரு வழி வச்சுக்கணும்."

அந்த வழி என்னவென்றால், மறுநாள் கடைக்குப் போய் கோடு வைத்த பெட்டியை வாங்கி, அங்கேயே அந்தப் பையனைப் பிரித்துக் காட்டச் சொன்னது. "புதுசுக்கா! வாரண்டி போயிடும்!" என்று அவன் அலறினான். "போவட்டும்" என்றார். அவன் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கி, சிடி எங்கே உட்கார்கிறது, எப்படி வலிக்காமல் தூக்குவது என்று காட்டினான். பிறகு என்னைச் செய்ய வைத்தார். பிறகு அவரும் செய்தார். கடைக்கு வந்த மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிளம்பும்போது ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் வாங்கி என் கையில் கொடுத்தார். அதை நான் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

குமாருக்கு அந்தக் கோடு அவ்வளவு பிடித்தது. ரயில் குகைக்குள் போவதுபோல சிடி உள்ளே போகும். இடது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே பார்ப்பான்.

இதற்கு நடுவில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பண்ருட்டிப் பக்கம். நல்ல இடம் என்று அம்மா தலைகால் தெரியாமல் இருந்தாள். குமாரைப் பற்றி அவர்களிடம் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. "உள்ரூம்ல ரயிலு பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள். கேசரி கிண்டவும் பஜ்ஜி போடவும் நான்தான் அக்காவை வரச் சொன்னேன். அம்மாவுக்கு அதில் அவ்வளவாக இஷ்டமில்லை. "வாயத் தொறக்காம இருக்கச் சொல்லு" என்றாள்.

அன்றைக்குப் பார்த்து குமார் ஒரு காரியம் செய்திருந்தான். காலண்டரிலிருந்து ஒரு ரயில் படத்தைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் சிடிமேல் ஒட்டிவிட்டான். அழகாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். அது கோட்டுக்குள் போனதும் காகிதம் உரிந்து மாட்டிக்கொண்டது. படமும் வரவில்லை, சிடியும் வெளியே வரவில்லை.

கூடத்தில் நான் பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். "என்னா, ரேடியோவா?"

"ஆமாங்க, ரேடியோதான்" என்றாள் அம்மா.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு." கொஞ்சம் சத்தமாக. மறுபடியும். மறுபடியும். வார்த்தை உடைந்து அழுகையாக மாறிக்கொண்டிருந்தது. பிறகு மேஜையில் தலை மோதுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து உள்ளே ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள், நான் நிற்கவில்லை.

எனக்கு முன்னாலேயே அக்கா அங்கே இருந்தார். மாவுக் கையோடு அவன் நெற்றிக்கும் மேஜைக்கும் நடுவில் தன் கையை வைத்திருந்தார். "திருப்புளிய எடு" என்றார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். திருகாணி ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போனது. குமார் கத்திக்கொண்டே இருந்தான்.

அக்கா அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "வண்டி வருதுப்பா. வழில நிக்குது, அவ்ளோதான். சிக்னல் வுழல. தோ பாரு, உங்க அக்கா போயிருக்கா சிக்னல் போட. இப்ப வந்துடும். கொஞ்சம் லேட்டு."

குமார் விம்மினான். அக்காவைப் பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிதானமாக, அந்த ரயில் நிலையக் குரலில் சொன்னான். "தாமதத்திற்கு வருந்துகிறோம்."

"ஆமாம் சாமி. வருந்தறோம்" என்றார் அக்கா.

மூடி திறந்தது. நான் சிடியை எடுத்து முந்தானையில் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இந்தப் பையன் எப்பவும் இங்கதான் இருப்பானா?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்த்தான் கேட்டார்.

அம்மா பதில் சொல்வதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "இங்கதாங்க இருப்பான். நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இவ உங்க வூட்டுக்கு வந்தப்புறம், திடீர்னு தம்பியப் பாக்கணும்னு கெளம்பினா, யாரைக் கேட்டுக்கிட்டுக் கெளம்பணும்?"

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தன் வீட்டுக்காரரைத் தேடினார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கேசரியைப் பாதி சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "வந்தவங்கள வாசல்லயே வெரட்டிட்டா. அவ வாழல, அடுத்தவ வாழறதும் புடிக்கல" என்று தெருவெல்லாம் சொன்னாள். அது அக்கா காதுக்கும் போயிருக்கும். மறுநாள் கம்பெனியில் என்னிடம், "உங்கம்மா கோவப்படறது நாயந்தான்" என்றார்.

"நீங்க கேட்டது சரிதான்க்கா."

"சரியோ தப்போ. கேக்காம இருக்க முடியல. எத்தினியோ வாட்டி வாய மூடிக்கணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் போறேன்" என்றார். வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வருஷம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். உரக்கடையில் வேலை. இந்தத் தடவை குமார் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான், அது என் பிடிவாதம். அக்காவை அம்மா கூப்பிடவில்லை. அதனால் அந்தக் கேள்வியை நானே கேட்க வேண்டியதாயிற்று. தம்பியைப் பார்க்கத் திடீரென்று வரவேண்டுமென்றால் எப்படி? அவர் கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸு நெறைய இருக்குதுங்களே. காலைலயே ஆரம்பிச்சுடும். ராத்திரி கடைசி பஸ்ஸ வுட்டுட்டா வண்டில நானே கொண்டாந்து வுட்டுடறேன். மழைன்னாதான் கொஞ்சம் செரமம்" என்றார். நான் கேட்டதில் வேறு அர்த்தம் இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பல்லை மறைத்துக்கொண்டு சிரிக்கிறவர், அன்றைக்கு மறைக்காமல் சிரித்தார். "பஸ்ஸு டயமா சொன்னான்? கட்டிக்கோடி" என்றார்.

கட்டிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்து போய்க்கொண்டிருக்கிறேன், மழையிலும். குமாரின் அந்தப் பெட்டி சில வருஷம் ஓடி நின்றது. பிறகு அப்படிப்பட்ட பெட்டி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. இப்போது செல்போனில் பார்க்கிறான். பார்க்கும்போது சிடியை வலது கையில் பிடித்துக்கொண்டிருப்பான்.

எனக்குப் பெண் பிறந்த பிறகு ஒருநாள் கம்பெனிப் பக்கம் போனேன். அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அறையைக் காலி செய்துவிட்டு மங்களூருக்கே போய்விட்டாராம். எனக்கு நம்ப முடியவில்லை. அவர் திரும்பிப் போகிற ஊரா அது? பேக்கிங்கில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயசான காலத்தில் புருஷன் வேண்டியிருக்கிறது என்றாள் ஒருத்தி. நான் திட்டக்குடிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து விசாரித்துக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு. அக்கா முற்றத்தில் ஒரு வயதான அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீப்பைத் தலையிலேயே செருகி வைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் வைக்கோல் இல்லாமல் எனக்கு அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"எங்க மாமியாரு" என்றார். "அவரு போயிச் சேந்து ரெண்டு வருசமாவுது. இவங்களுக்கு நெனப்பு தவறிப்போச்சு. பாத்துக்க ஆளு இல்ல. அக்கம்பக்கத்துல சோறு போட்டுக்கிட்டு இருந்தாங்க. சேதி வந்துச்சு, வந்துட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னா பாடு படுத்தியிருந்தா வுட்டுட்டு வந்துருப்பீங்க, அந்த வூட்டுக்கா?" என்றேன்.

"இவங்க படுத்தலடி." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார், அந்த அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "அவரு என்னைய அடிச்சுப் போட்டு, உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாரு. இவங்கதான் பூட்ட ஒடைச்சாங்க. எந் துணிய ஒரு பையில போட்டு, பொழக்கடைக் கதவத் தொறந்து, ஓடு, பஸ்ஸு வந்துடும், திரும்பிப் பாக்காதன்னாங்க. நானும் திரும்பிப் பாக்கல. அன்னைக்கு அவரு வந்து இவங்க கைய ஒடைச்சாராம். எனக்கு அது ரொம்ப வருசம் கழிச்சுத்தான் தெரியும்."

அந்த அம்மாவின் இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் சாயங்காலம்வரை இருந்தேன். வெயில் இறங்கியதும் அந்த அம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. எழுந்து உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார். வாசலைப் போய்ப் போய் எட்டிப் பார்த்தார். பிறகு அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எந்திரி. அவன் வர்ற நேரமாச்சு. பையி எங்க?"

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. கொடியில் மாட்டியிருந்த ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டார். "தினமும் இப்படித்தான். நீ இங்கயே இரு" என்று என் காதில் சொன்னார். அந்த அம்மா புழக்கடைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சந்தின் இருபுறமும் பார்த்துவிட்டு, அவரை வெளியே தள்ளினார். "ஓடு. திரும்பிப் பாக்காத." அக்கா சந்து முனை திரும்பும்வரை அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. உதட்டில் விரலை வைத்தார்.

"போயிட்டா. நீ பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லமாட்டேன்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா முன்கதவு வழியாக உள்ளே வந்தார்.

"யாரு?" என்றார் அந்த அம்மா.

"உங்களப் பாத்துக்க வந்துருக்கேம்மா."

அந்த அம்மா எழுந்து போய் அவர் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல ஆள் என்று பட்டிருக்க வேண்டும். "வா, வா. சாப்ட்டியா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு மனசுக்குள் வைத்திருக்க முடியாமல், ரகசியமாகச் சொன்னார். "எம் மருமவ தப்பிச்சுப் போயிட்டா, தெரியுமா?"

"நல்லதும்மா" என்றார் அக்கா, பையைக் கொடியில் மாட்டிக்கொண்டே. "இன்னேரம் பஸ்ஸு ஏறியிருப்பா."